சிட்டுவுக்கு எத்தனை மாத்திரை

ஆட்டுக்கு என்ன அக்கா, வயிறு உப்புசமா?

பார்த்ததுமே நினைச்சேன். மத்தளம் மாதிரி இருக்கே. ஈரத்தோட பச்சைச் சோளத் தட்டையை மேஞ்சிருக்கும். கம்பவுண்டர் எண்ணெய் ஊத்திவிட்டுட்டாரா? அப்பப் பயமில்லை. ஆனா கொஞ்சம் பொறுக்கணும். பின்கட்டுல ஒரு மாட்டுக்குக் கன்னு குறுக்க மாட்டிக்கிட்டு இருக்காம், டாக்டரம்மா அங்கே போயிருக்காங்க. முழங்கை வரைக்கும் உறை மாட்டிக்கிட்டுப் போனாங்க, அதனால நேரமாகும்.

நான் நாயைக் கொண்டு வந்திருக்கேன். உள்ளே மேசை மேல கிடக்கு, டிரிப் ஏறுது. நகர வேண்டாம் அக்கா, கடிச்ச கேஸ் இல்லை. வயசாளி. பேரு சிட்டு. அதுக்கு வலிப்பு உண்டு, கண்ணுல பூ விழுந்திருக்கு, முன்பல்லு நாலு இல்லை. மத்தபடி நல்லா இருந்துச்சு.

தனியா வரலை. அந்தக் கடைசிப் பெஞ்சுல பச்சைச் சேலை கட்டி, மஞ்சப்பையை மடியில வச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்காங்களே, அவங்க எங்க அத்தை. வீட்டுக்காரரைப் பெத்தவங்க. ஒரே ஆட்டோவுலதான் வந்தோம். ஏன் அவ்வளவு தள்ளி உட்கார்ந்திருக்காங்கன்னு கேட்காதீங்க. நாங்க பேசிக்கிறதில்லை. சண்டையெல்லாம் ஒண்ணும் இல்லை. பேச்சு மட்டும்தான் இல்லை.

ஐப்பசியில நின்னது. இப்ப மாசி பிறந்தாச்சு.

எனக்குப் பிடிவாதமே கிடையாதுக்கா. எங்க ஊர்ல யாரை வேணும்னாலும் கேட்டுப் பாருங்க. நடந்ததைச் சொல்றேன், நீங்களே சொல்லுங்க.

சிட்டு என் கல்யாணத்துச் சீரோட வந்த நாய். எங்க பிறந்த ஊர்ப் பக்கம் சில வீடுகள்ல பொண்ணுக்குக் கட்டில், பீரோ, கிரைண்டரோட கன்னின்னு சொல்ற வேட்டை நாய் ஒண்ணும் குடுத்துவிடுவாங்க. பொண்ணுக்குக் காவலுக்குன்னு சொல்வாங்க. எங்க அப்பா குடுத்தாரு. டெம்போவுல கட்டிலுக்கு அடியில உட்கார்ந்து வந்து, மாப்பிள்ளை வீட்டு வாசல்ல எனக்கு முன்னாடி அதுதான் இறங்குச்சு. வலது காலை வச்சுத்தான் இறங்குச்சான்னு யாரும் பார்க்கலை. கறுப்பு உடம்பு, ரெண்டு கண்ணுக்கு மேலயும் செம்பொட்டு. ஒரு வயசுக் குட்டின்னு அப்பா சொன்னாரு. அப்பா சொன்னா ஒரு வயசுதானே.

அந்தக் கணக்குப்படி இப்ப அதுக்குப் பத்து.

போன புரட்டாசியில ஒருநாள் குழாயடியில நின்னுக்கிட்டு இருந்தது அப்படியே சாய்ஞ்சுச்சு. நாலு காலும் ஓடுற மாதிரி உதைக்குது, வாயில நுரை. நான் தலையைப் பிடிச்சுக்கிட்டேன். அத்தை அடுப்படியில இருந்து சாவிக்கொத்தைத் தூக்கிட்டு ஓடி வந்தாங்க. வலிப்பு வந்தா கையில இரும்பு குடுக்கணும்ல. வந்தவங்களுக்கு எந்தக் கையில குடுக்கிறதுன்னு தெரியலை. நாலும் காலா இருக்கு. கடைசியில முன்னங்கால் ரெண்டையும் சேர்த்து நடுவுல சாவியைச் சொருகிட்டாங்க. ரெண்டு நிமிஷத்துல நின்னுபோச்சு. இன்னைக்கு வரைக்கும் அது சாவியாலதான்னு சொல்றாங்க.

வலிப்பு ஐப்பசியில மறுபடி வந்துச்சு. அப்ப ரெண்டு பேரும் சேர்ந்து இதே ஆஸ்பத்திரிக்கு வந்தோம். டாக்டரம்மா சீட்டு எழுத ஆரம்பிச்சு, "வயசு?"ன்னாங்க. "பத்து"ன்னேன் நான்.

அத்தை பக்கத்துல நின்னுக்கிட்டு, "பதிமூணு போடுங்கம்மா. இவங்க வீட்ல எல்லாத்துக்கும் மூணு குறைச்சுத்தான் சொல்வாங்க"ன்னாங்க.

"எல்லாத்துக்கும்னா?"ன்னு கேட்டேன்.

"நான் நாயைச் சொன்னேன்."

"நாய் ஒண்ணுதானே. எல்லாத்துக்கும்னா வேற எதுக்கு?"

"உனக்குத் தெரியாததா"ன்னாங்க.

கேட்டீங்களா? கல்யாணத்தப்ப எனக்கு இருபத்தொண்ணு. ஜாதகத்துல இருக்கு. ஜாதகம் அப்பா எழுத வச்சது, அது வேற விஷயம். அதுக்காக ஊர் ஆடு மாடெல்லாம் நிக்கிற இடத்துல வச்சுச் சொல்றதா? டாக்டரம்மா சிட்டுவோட வாயைத் திறந்து பல்லைப் பார்த்துட்டு, பன்னெண்டுன்னு எழுதினாங்க. நல்லவேளை, என் பல்லைப் பார்க்கச் சொல்லலை.

அன்னைக்கு ஆட்டோவுல ஏறினதுல இருந்து பேச்சில்லை. அவங்க பேசினா நான் பேசிடுவேன். அவங்க முதல்ல பேசணும், அவ்வளவுதான். இதுல பிடிவாதம் எங்க இருக்கு?

ஆனா வீடுன்னு இருந்தா சொல்ல வேண்டியது இருக்கும்ல. முதல்ல என் மகள் கனிஷ்காகிட்டச் சொல்லிவிட்டோம். ஒண்ணாம் வகுப்பு. "ஆச்சிகிட்டப் பருப்பு ஊறப் போட்டாச்சான்னு கேளு"ன்னா, அவ போய், "ஆச்சி, பருப்பு ஊறப் போடலேன்னா எனக்கு நூடுல்ஸ் செய்யச் சொன்னாங்க அம்மா"ன்னு சொல்லியிருக்கா. மூணு நாள் நூடுல்ஸ் செஞ்ச பிறகுதான் தெரிஞ்சுது. அதோட அவளை நிறுத்திட்டோம். அப்புறம் நாய்கள்கிட்டச் சொல்ல ஆரம்பிச்சோம்.

நாய்கள்னு சொன்னேன்ல. வீட்டுல இன்னொண்ணு இருக்கு. அது அத்தையோட நாய், துரை. பேருதான் துரை, ஆளு நாட்டு நாய். எங்க மாமா இறந்த வருஷம் எங்கிருந்தோ வந்து திண்டு மாதிரி வாசல்ல படுத்துச்சாம், அப்படியே இருந்துட்டுது. அதுக்கும் பதினாலு இருக்கும். அது வயசை யாரும் குறைச்சுச் சொல்லலை. காது ரெண்டும் போச்சு, பின்னங்கால் விளங்காது.

அத்தை எனக்குச் சொல்ல வேண்டியதைத் துரைகிட்டச் சொல்வாங்க. "துரை, கேஸ் தீரப்போகுது, யாராவது பதிஞ்சா நல்லாருக்கும்." துரைக்குக் காது கேட்காதுங்கிறதால உரக்கச் சொல்வாங்க. தெருவுக்கே கேட்கும். பக்கத்து வீட்டுக்காரங்க எங்களுக்கு கேஸ் பதிஞ்சு குடுத்திருக்காங்க. நான் சிட்டுகிட்டச் சொல்வேன். சிட்டுவுக்குக் காது நல்லாக் கேட்கும், மெதுவாச் சொன்னாலே போதும். அத்தைக்குத்தான் காது கொஞ்சம் மந்தம். அதுக்கு நான் என்ன செய்ய முடியும்? சொல்ல வேண்டியதை நான் சொல்லிடுறேன்.

துரையை ஒரு நாளைக்கு நாலு தடவை வெளியே கொண்டு போகணும். தானா எழுந்திருக்காது. இடுப்புக்கு அடியில பழைய துண்டைக் குடுத்து, ஒரு நுனியை அத்தையும் ஒரு நுனியை நானும் பிடிச்சுத் தூக்கிட்டு வேலி ஓரம் போவோம். முன்னங்காலால அது நடக்கும், பின்பக்கம் எங்க கையில. ஆண் நாய் பாருங்க, காலைத் தூக்கலேன்னா அதுக்கு வராது. அதனால நான் இன்னொரு கையால காலையும் தூக்கிப் பிடிப்பேன். அத்தை "ம்"னா தூக்குறது, நான் "ம்"னா இறக்குறது. "ம்" பேச்சுல சேர்த்தி இல்லை. ரெண்டு பேருமே அப்படித்தான் வச்சிருக்கோம். படுத்தே கிடந்து இடுப்புல புண்ணு வந்துச்சு, அதுக்கு வேப்பெண்ணெய் நான் தடவுறேன், திருப்பிப் போடுறது அத்தை. ரெண்டுக்கும் சோறைக் குழையவிட்டு ஈரலைப் பிசைஞ்சு வைக்கணும். ஒண்ணுக்குப் பல்லு இல்லை, இன்னொண்ணுக்குத் தட்டு எங்க இருக்குன்னு தெரியாது. எங்க வீட்டுக்காரர், "நாய் மனுஷனைக் காத்தது போக நம்ம வீட்டுலதான்"னு ஆரம்பிப்பாரு. அவர் தீப்பெட்டி ஆபீஸ்ல சூப்பர்வைசர். பாதி பேசிட்டு யாராவது முறைச்சா நிறுத்திக்குவாரு. நல்ல குணம்.

ஆங், மாத்திரைக்கு வர்றேன். அதுதான் விஷயமே.

அன்னைக்கு டாக்டரம்மா வலிப்பு மாத்திரை எழுதிக் குடுத்தாங்க. காலையில ஏழு மணிக்கு ஒண்ணு, சாயங்காலம் ஏழு மணிக்கு ஒண்ணு. ஒரு வேளை விட்டாலும் மறுபடி வலிப்பு வரும், விடவே கூடாதுன்னாங்க. இதை ரெண்டு பேருமே காதாரக் கேட்டோம். நான் இட்லியை உருட்டி நடுவுல வச்சுக் குடுத்துக்கிட்டு வந்தேன். ஒரு நாள் தவறினதில்லை.

பொங்கலுக்கு நானும் பாப்பாவும் அஞ்சு நாள் எங்க அப்பா வீட்டுக்குப் போனோம். அந்த அஞ்சு நாளும் மாத்திரையைப் பார்த்துக்கோங்கன்னு வீட்டுக்காரர்கிட்டச் சொன்னேன். அவர் அவங்க அம்மாகிட்டச் சொல்லிட்டு ஆபீஸுக்குப் போயிட்டாரு. அத்தை குடுத்திருக்காங்க. அதுல தப்புச் சொல்ல மாட்டேன், சரியாத்தான் குடுத்திருக்காங்க. நான் திரும்பி வந்தேன், மறுநாள் காலையில ஏழு மணிக்கு இட்லி உருட்டினேன். "இனிமே நான் பார்த்துக்கிறேன் சிட்டு, நீ கவலைப்படாதே"ன்னு சொல்லித்தான் குடுத்தேன். அத்தை அடுப்படியிலதான் இருந்தாங்க. கேட்டிருக்கணும்.

கேட்கலை போல. அவங்களும் நிறுத்தலை. நிறுத்தச் சொல்லி யாரும் சொல்லலையே.

இட்லின்னாலே அவங்களுக்கு இளக்காரம், அவங்க கருவாட்டுத் துண்டுக்குள்ள வச்சுக் குடுத்திருக்காங்க. எனக்கு எப்படித் தெரியும்? காலையில சிட்டு வாயில கருவாட்டு வாடை வந்துச்சு. எதிர்வீட்டுப் பூனைதான் கொண்டுவந்து போடுதுன்னு நினைச்சுப் பூனையைக் கல்லெடுத்து விரட்டினேன். பாவம், அது அதுக்கப்புறம் எங்க தெருவுக்கே வரலை.

மாத்திரை எப்படி ரெண்டு பேருக்கும் பத்துச்சுன்னு கேட்கிறீங்களா? அதை நேத்து ராத்திரி சாப்பாட்டுக்கு வந்தப்பவாவது எங்க வீட்டு மனுஷன் சொல்லியிருக்கலாம். நான் தீரப்போகுதுன்னா எனக்கு ஒரு அட்டை வாங்கிட்டு வருவாரு. அத்தை தீரப்போகுதுன்னா அவங்களுக்கு ஒரு அட்டை. இப்பத்தான் இங்கே இருந்து போன் போட்டுக் கேட்டேன். "ஒண்ணு துரைக்குன்னு நினைச்சேன்"ங்கிறாரு. துரைக்கு எங்கே வலிப்பு? அதுக்கு உதறுறதுக்குக் காலே இல்லை.

பத்து நாளா சிட்டு ஒரே தூக்கம். எழுப்பினாத் தள்ளாடும், சுவர்ல முட்டும். வயசாயிடுச்சுன்னு நினைச்சேன். பன்னெண்டு வயசு நாய் அப்படித்தான் இருக்கும்னு மனசைத் தேத்திக்கிட்டேன். பத்துதான், ஆனா டாக்டரம்மா எழுதினது பன்னெண்டு.

நேத்து சாயங்காலம் முற்றத்துல நடந்து வந்தது கால் பின்னி விழுந்துச்சு. ரெண்டு உதறு உதறுச்சு. வலிப்புதான்னு நினைச்சு ஓடிப்போய்த் தலையைப் பிடிச்சேன். அத்தை துரைகிட்டப் போய் உட்கார்ந்துக்கிட்டு, "ஒரு வாயில்லாச் சீவனுக்கு வேளாவேளைக்கு மருந்து குடுக்க இந்த வீட்டுல ஆளில்லை பார்த்தியா துரை"ன்னு சொன்னாங்க. தெருவுல ரெண்டு பேர் நின்னு பார்த்தாங்க.

நான் குடுக்கலையாம். நாலு மாசமா மணி பார்த்துக் குடுக்கிறவ நான்.

உங்ககிட்டச் சொல்றதுக்கு என்ன. ஆத்திரத்துல நேத்து சாயங்காலம் ரெண்டு குடுத்தேன். இன்னைக்குக் காலையிலயும் ரெண்டு. மருந்துதானே, கூடக் குடுத்தா சீக்கிரம் கேட்கும்னு நினைச்சேன். பாப்பாவுக்குச் சளி மருந்துகூட நான் ஒரு சொட்டு அதிகமா ஊத்த மாட்டேன் அக்கா. மூடியில இருக்கிற கோட்டுக்குக் கண்ணை வச்சுப் பார்த்து ஊத்துவேன். நேத்து என்னமோ அப்படி ஆயிடுச்சு.

எட்டரை மணிக்குப் பாப்பாவை ஸ்கூலுக்கு விட்டுட்டு வந்து பார்த்தா, சிட்டு கூப்பிட்ட குரலுக்குக் கண்ணைத் திறக்கலை. நாக்கு வெளியே கிடக்கு, தொட்டா ஜில்லுன்னு இருக்கு. மூச்சு எப்பவோ ஒண்ணு வருது. அத்தை உள்ளே இருந்து பார்த்தாங்க. ஒண்ணும் சொல்லலை, துரைகிட்டக்கூடச் சொல்லலை. போர்வையை எடுத்துட்டு வந்து ஒரு பக்கம் விரிச்சாங்க, நான் மறு பக்கம் பிடிச்சேன். "ம்"னாங்க. தூக்கினோம்.

இங்கே டாக்டரம்மா கண்ணு இமையைத் தூக்கிப் பார்த்தாங்க, விளக்கடிச்சாங்க. "மாத்திரை எப்படிக் குடுக்கறீங்க?"

"காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு"ன்னேன்.

அந்தப் பக்கத்துல இருந்து அத்தையும், "காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு"ன்னாங்க.

"சரி. யாரு குடுக்கிறது?"

"நான்தான்"னு ரெண்டு குரல் ஒண்ணா வந்துச்சு. நாலு மாசத்துல நாங்க சேர்ந்து பேசினது அந்த ஒரு வார்த்தை.

டாக்டரம்மா பேனாவைக் கீழே வச்சாங்க. "ரெண்டு பேருமா? ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கிறதில்லையா?"

சுவர்ல கறவை மாட்டுப் படம் ஒண்ணு மாட்டியிருக்கு, அத்தை அதைப் பார்த்தாங்க. நான் பக்கத்துல இருந்த கோழிப் படத்தைப் பார்த்தேன். அதுல பன்னெண்டு வகைக் கோழி இருக்கு.

"ஒரு நாளைக்கு நாலுன்னு வச்சாலும் இவ்வளவு மயக்கம் வராதே. யாராவது கூடக் குடுத்தீங்களா?"

"இல்லை டாக்டர்"ன்னேன்.

"இல்லைம்மா"ன்னாங்க அத்தை.

அந்தம்மா எங்க ரெண்டு பேரையும் மாத்தி மாத்திப் பார்த்தாங்க. எத்தனை மாட்டைப் பார்த்திருப்பாங்க, மனுஷங்களைத் தெரியாதா? டிரிப்பைப் போட்டுவிட்டுட்டுச் சொன்னாங்க: "நேத்துல இருந்து எத்தனை உள்ளே போயிருக்குன்னு எனக்குச் சரியாத் தெரியணும். மூணு நாலுன்னா இந்த டிரிப்லயே தெளிஞ்சிடும், இங்கேயே வச்சுப் பார்த்துக்கலாம். அதுக்கு மேலன்னா உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகணும். ஆனா இந்த வயசுல, இந்த நிலைமையில, அறுபது கிலோமீட்டர் வண்டியில குலுங்கிப் போறதைத் தாங்குமான்னு சொல்ல முடியாது. அவசியம் இல்லாமக் கொண்டு போனாலும் ஆபத்து, அவசியம் இருந்து போகாட்டியும் ஆபத்து. புரியுதா?"

அப்பத்தான் பின்கட்டுல இருந்து கன்னுக்குட்டியோட கால் தெரியுதுன்னு கூப்பிட்டாங்க. போகிற போக்குல, "நான் வர்றதுக்குள்ள ரெண்டு பேரும் உட்கார்ந்து பேசி, மொத்தம் எத்தனைன்னு ஒரு சீட்டுல எழுதி வைங்க"ன்னாங்க.

பேசின்னு சொன்னாங்க பாருங்க. அவங்களுக்கு எங்க வீட்டு நிலவரம் தெரியாது.

இதோ சீட்டு. என் கணக்கை எழுதிட்டேன். நேத்துக் காலை ஒண்ணு, சாயங்காலம் ரெண்டு, இன்னைக்கு ரெண்டு. மொத்தம் அஞ்சு. அதுக்குக் கீழே அத்தைன்னு போட்டுக் கோடு விட்டிருக்கேன். சீட்டை அங்கே தள்ளிவிடலாம்னா அத்தைக்குக் கையெழுத்து மட்டும்தான் போடத் தெரியும். உள்ளே போய்ச் சிட்டு காதுல சொல்லிப் பார்த்தேன், "நான் நேத்து ரெண்டு குடுத்துட்டேன்டி"ன்னு. அத்தை கதவுக்கிட்டத்தான் நின்னாங்க. சிட்டுவோட காது அசையலை. எப்பவும் பேரைச் சொன்னா வலது காது மட்டும் ஒரு துடி துடிக்கும். நான் வெளியே வந்ததும் அத்தை உள்ளே போனாங்க. அவங்களும் குனிஞ்சு என்னமோ சொன்னாங்க. ஆனா இந்தத் தடவை உரக்கச் சொல்லலை. எனக்கு ஒண்ணும் கேட்கலை.

அவங்க முகத்தைப் பார்த்தா எனக்குச் சந்தேகமா இருக்கு. அவங்களும் கூடக் குடுத்திருப்பாங்க. நேத்து அது விழுந்ததை அவங்களும்தானே பார்த்தாங்க. நான் குடுக்கலைன்னு நினைச்சுக்கிட்டு, என் பங்கையும் சேர்த்துக் குடுத்திருப்பாங்க. என் பங்கைக் குடுக்க அவங்க யாருன்னு கேட்கத் தோணுது. ஆனா அந்த மஞ்சப்பையில என்ன இருக்கு தெரியுமா? சாவிக்கொத்து. ஆட்டோவுல வரும்போது பூரா அதைச் சிட்டுவோட கால்ல வச்சு அமுக்கிக்கிட்டே வந்தாங்க. இது வலிப்பு இல்லை, மயக்கம்னு சொல்லணும்னு வாய் வரைக்கும் வந்துச்சு. சொல்லலை.

பதினொரு மணிக்குத் துரையைத் தூக்கணும் வேற. பூட்டின வீட்டுல கிடக்கு. ஒத்தை ஆளாத் தூக்க முடியாது.

என்ன சத்தம் அது? கன்னு வெளியே வந்துட்டுதோ? ஆமா, மாட்டுக்காரர் சிரிக்கிறாரு. டாக்டரம்மா குழாயடிக்கு வந்துட்டாங்க, உறையைக் கழட்டுறாங்க. டிரிப்பும் பாதிக்கு மேல இறங்கிடுச்சு.

அக்கா, ஆட்டுக் கயித்தை என்கிட்டக் குடுங்க, நான் பிடிச்சுக்கிறேன். ஒரு எட்டு அந்தக் கடைசிப் பெஞ்சு வரைக்கும் போயிட்டு வாங்க. "உங்க மருமக அஞ்சு மாத்திரை குடுத்திருக்கா, நேத்து ஆத்திரத்துல கூடக் குடுத்துட்டா, நீங்க எத்தனை குடுத்தீங்க"ன்னு கேளுங்க. எத்தனையா இருந்தாலும் பரவாயில்லை, குறைச்சு மட்டும் சொல்ல வேண்டாம்னு சொல்லுங்க. யார் கேட்கச் சொன்னான்னு கேட்டா மழுப்ப வேண்டாம் அக்கா. நான்தான் கேட்கச் சொன்னேன்னு சொல்லுங்க.